அன்புச்செல்வியின் எட்டுச் சனிக்கிழமைகள்

அன்புச்செல்வி எங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். மவுசை எங்கள் கையிலிருந்து வாங்கித் தானே நகர்த்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. "நான் ஒரு தடவை வாங்கிச் செஞ்சு குடுத்துட்டேன்னா, அப்பறம் ஆயுசுக்கும் என்னையத்தானுங்க்கா கூப்பிடுவீங்க" என்பாள்.

முதல் சனிக்கிழமையே அந்தக் கைகளுக்குச் சோதனை வந்தது. வாட்ச்மேன் ஐயாசாமியண்ணன் மவுசை மேசையிலிருந்து எடுத்து, டிவி ரிமோட்டைப் பிடிப்பதுபோலத் திரைக்கு நேராக நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். அன்புச்செல்வியின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துடித்ததைப் பின்வரிசையில் இருந்த நான் பார்த்தேன். ஆனாலும் கை முன்னால் வரவில்லை.

"அண்ணா, அதைக் கீழ வெச்சு ஓட்டோணுங்க. அது வண்டி மாதிரி. ரோட்டு மேலதான் போகும்."

"ஏனுங்கம்மணி, இத்தனூண்டு வண்டிக்கு இம்புட்டுப் பெரிய மேசையா ரோடு?" என்று கேட்டுவிட்டு அவர் கீழே வைத்தார். அம்புக்குறி திரையில் ஓடியது. "அட, போகுதுங்க! போகுதுங்க! ஏனுங்க, இதை எப்படி நிறுத்தறது?"

"கையை எடுத்துப்போடுங்க அண்ணா, நின்னுக்கும்."

கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டின் மேல் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் அங்கே பெண்கள் விடுதி மெஸ்ஸில் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மூன்று வருடங்களுக்கு முன்பு இங்கிலீஷ் பேராசிரியர் திருமூர்த்தி சார், வயது வந்தவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. எங்களைப் போன்ற மெஸ் ஆட்கள், தோட்ட வேலைக்காரர்கள், வெளியூர்க்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். உக்கடத்திலிருந்து பஸ் ஏறி ரசாக் பாய் வருவார். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். "எம் பேத்தி யுஸ்ரா யூகேஜி படிக்கிறா. அவ கேட்கற கேள்வி எனக்குப் புரியறதில்லை. அதுக்காகத்தான் வர்றேன்" என்று வந்த அன்றே சொன்னார். அவரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வராமல் போனது பரீட்சைதான். போன வருடத்திலிருந்து பரீட்சையைக் கம்ப்யூட்டரில் எழுதச் சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது பேர் உட்கார்ந்ததில் மூன்று பேருடைய தாள்தான் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் பேருக்கு நேராக ஒன்றுமே இல்லை. மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆட்களுக்கு வகுப்பு எதற்கு, மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திருமூர்த்தி சார் அந்தச் செய்தியைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, அன்புச்செல்வி அவர் அறையில் பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். ஒன்பது வருடமாக இருக்கிறாள். காலையில் முப்பது கம்ப்யூட்டரையும் துடைத்து உயிர் கொடுப்பது, பிள்ளைகள் "மேடம், நெட் வரலை" என்றால் ஓடுவது, சாயங்காலம் பூட்டுவது, இவ்வளவுதான் அவள் வேலை. பேராசிரியர்கள் யாரிடமும், அவர்களாகக் கேட்காமல் அவள் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு மட்டும் மை படிந்த கையோடு நின்று சொன்னாளாம்.

"சார், அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுது சார். கம்ப்யூட்டர்தான் தெரியலை. எனக்கு எட்டுச் சனிக்கிழமை குடுங்க சார்."

சார் போனைக் கீழே வைத்தார். "எட்டாவது சனிக்கிழமை பரீட்சைம்மா. பதினாறு பேர் இருக்காங்க. பாதிப் பேர், எட்டுப் பேராவது எழுதி முடிச்சு ஒழுங்கா அனுப்பிவைக்கணும். அனுப்பிட்டா வகுப்பு நிக்காது, கம்ப்யூட்டர் பாடம் இனிமே உன்னோடது. இல்லைன்னா நான் மேல பேச முடியாது" என்றார்.

எட்டுப் பேர். அந்தக் கணக்கை அவள் எங்களிடம் மறைக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டாள். "பாஸ் ஆகறது உங்க கையில. அனுப்பிவைக்கறது நம்ம எல்லாத்து கையிலயும் இருக்குதுங்க."

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எங்கள் மெஸ்ஸின் பின்பக்கம் வந்து உட்காருவாள். ரசம் ஊற்றிக்கொண்டே பேசியதில் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அப்பா தென்னை மரம் ஏறுபவர், அம்மா களை வெட்டப் போனவர். அவர்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது இவள் ஒருத்திதான். படிப்பு முடிந்ததும் உக்கடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காணாமல் போன ரேஷன் கார்டுக்கு மனு, வருமானச் சான்றுக்கு மனு என்று டைப் அடிக்கிற வேலை.

"கடைக்காரரு நல்லவருதானுங்க்கா. ஆனா நான் மவுசுல கை வெச்சாப் போதும், ஒதுங்கு ஒதுங்குன்னு தள்ளிப்போட்டு அவரே செஞ்சுருவாரு. ஆறு மாசம் எனக்கு ஒரு எழவும் வரலை. அப்பறம் அவருக்கு அம்மை போட்டுருச்சு."

"அட ஆத்தா! அப்பறம்?"

"பத்து நாள் கடைக்கு வரலைங்க. அந்தப் பத்து நாள்ல எல்லாமே வந்துருச்சு எனக்கு."

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு தபால் வழியில் பட்டமும் வாங்கினாள். கதிர் என்ற பையனைக் கட்டினாள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மகள் இனியா நாலாவது படிக்கிறாள். அன்புச்செல்வி ஏசுவைக் கும்பிடுகிறவள். வகுப்பு தொடங்குமுன் கதவோரம் நின்று ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் நாங்களும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். சாமி கும்பிடுகிற இடத்தில் சத்தம் போடக் கூடாது அல்லவா.

நாங்கள் லேபுக்குள் போகும்போது செருப்பை வெளியே விட்டுவிடுவோம். காலேஜுப் பிள்ளைகள் ஷூவோடு போகிற இடம்தான். ஆனாலும் எங்களுக்கு மனது வராது. கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவோம். அன்புச்செல்வி அதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டாவது வாரம் பார்த்தால் அவளும் செருப்பை வெளியே விட்டிருந்தாள்.

மவுசை எப்படிப் பிடிப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இறுக்கிப் பிடித்தால் அம்பு எங்கேயோ பாய்ந்தது. அவள் பக்கத்தில் குனிந்து, "அக்கா, தோசை மாவைக் கல்லுல ஊத்தி இழுப்பீங்கல்ல, அந்தக் கரண்டியை இப்படித்தான் அழுத்துவீங்களா?" என்றாள். அழுத்தினால் தோசை கிழிந்துபோகுமே! கை தானாக லேசாயிற்று. அம்பு சொன்னபடி கேட்டது.

மூன்றாவது வாரம் பாஸ்வேர்டு. யாரிடமும் சொல்லாத ஒரு பேராக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எல்லோரும் குனிந்து ரகசியமாக அடித்துக்கொண்டிருந்தபோது ஐயாசாமியண்ணன் சத்தமாகவே புலம்பினார்.

"அம்மணி, எங்கூட்டு மாட்டுப் பேரு செவலைங்க. அதைத்தான் அடிச்சேன். இதுல வெறும் புள்ளி புள்ளியா வருது. எங்க மாடு உடம்புல ஒரு புள்ளி கிடையாதுங்களே!"

ரசாக் பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யோவ் வாட்ச்மேன், காலேஜுக்கே காவல் நிக்கறவரு நீ! சொந்தப் பாஸ்வேர்டை ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே!"

"பாய், நீங்க எம் மாட்டைப் புடிச்சுட்டா போயிருவீங்க? நீங்க பேசாம உங்க எழுத்தைப் பாருங்க. ஐயாயிரம் தடவை ஏ போட்டு வெச்சிருக்கீங்க."

உண்மைதான். ரசாக் பாய் ஒரு எழுத்தை அமுக்கினால் விரலை எடுக்கவே மாட்டார். பாத்திரத்தில் முத்திரை குத்திக் குத்திப் பழகிய விரல் அது. அவர் திரையில் ஏ மூன்று வரிக்கு ஓடியிருந்தது. அன்புச்செல்வி அழிக்கிற பட்டனைக் காட்டினாள். அதையும் அவர் விடாமல் அமுக்கினார். மூன்று வரியும் போயிற்று, அவர் பேரும் போயிற்று.

இப்படியாக ஆறு வாரம் ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி அடித்தவள் நான், ஒரு நிமிடத்துக்கு ஒரு வரிக்கு வந்தேன். சார் இங்கிலீஷில் கேட்கிற கேள்வியைத் திரையில் படித்து, சரியான விடைக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தை அமுக்கப் பழகினோம். ஏழாவது சனிக்கிழமை ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தாள். முப்பது கேள்வி, ஒரு மணி நேரம். ஒருவர்கூட அவளைக் கூப்பிடவில்லை. நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்தோம். ரசாக் பாய் உக்கடத்திலிருந்து வாங்கி வந்த வர்க்கியைப் பிட்டுப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்.

உள்ளே அன்புச்செல்வி தன்னுடைய கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள். பதினாறு பேர். ஒரு தாள்கூட வந்திருக்கவில்லை.

முதலில் ஒயரைப் பார்த்தாளாம். பிறகு நெட்டைப் பார்த்தாளாம். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் பார்த்தாள். முப்பது கேள்விக்கும் விடை போட்டு, எல்லாம் அப்படியே திரையில் நின்றுகொண்டிருந்தன. கதவுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த வாரம் பரீட்சை.

"அக்கா, சப்மிட் பட்டனை அமுக்குனீங்களா?"

"அமுக்கினேன் கண்ணு."

"அப்பறம் ஒரு பெட்டி வந்துச்சுங்களா? அது என்ன கேட்டுது?"

"ஆர் யூ ஷ்யூர்னு கேட்டுது."

"அப்படின்னா?"

"உறுதியாச் சொல்றயான்னு அர்த்தம்."

"நீங்க என்ன அமுக்குனீங்க?"

"நோன்னுதான் கண்ணு. அஞ்சாப்புப் படிச்சவ நான். உறுதியாத் தெரியும், எல்லாம் சரிதான்னு என் வாயால நானே எப்படிச் சொல்லிக்கறது? நீ பார்த்துச் சொன்னாத்தான மருவாதி?"

அன்புச்செல்வி ரசாக் பாயைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நானும் நோதாம்மா. இன்ஷா அல்லாஹ்னு ஒரு பட்டன் இருந்திருந்தா அமுக்கியிருப்பேன். மொட்டையா யெஸ்ஸுன்னு போட்டா, அது நல்லாவா இருக்கு?"

"நீங்க, அண்ணா?"

"நான் ரெண்டையும் அமுக்கலீங்க" என்றார் ஐயாசாமியண்ணன். "பெரியவங்க வந்து பார்த்து முடிவு பண்ணட்டும்னு அப்படியே உட்டுப்போட்டு, ஒரு கும்பிடு போட்டு எந்திரிச்சு வந்தேன்."

பதினாறு பேருக்கும் இதே கதை. யாரோ பின்னால் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். அடங்கவில்லை. அன்புச்செல்வி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள், அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"போன வருசமும் இதுதான் நடந்திருக்குங்க! இங்கிலீஷ் தெரியாதவங்கன்னு மேல நினைச்சாங்க. நீங்க நல்லாப் படிச்சுப் புரிஞ்சு, மருவாதியாப் பதில் சொல்லிப்போட்டு வந்திருக்கீங்க!"

ஆனால் சிரித்து முடித்தும் வேலை முடியவில்லை. அந்தப் பெட்டி பெருமை பேசச் சொல்லவில்லை, தாளை வாங்கிக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்கிறது என்று விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினோம். மறுபடி அமுக்கச் சொன்னாள். ஐந்து தாள்தான் வந்தது. மூளைக்குப் புரிந்துவிட்டது, விரலுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை. ஆறு. நான் யெஸ்ஸுக்கு மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். யாரோ என் முதுகுக்குப் பின்னால் நின்று, 'பாரு, பழனியாத்தாளுக்கு வந்த திமிரை' என்று சொல்வதுபோல் இருந்தது. அம்பைத் திருப்பிக்கொண்டேன்.

அன்புச்செல்வி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணி நாலு ஆகியிருந்தது.

"அக்கா, நீங்க கோயில்ல தேங்கா உடைப்பீங்கல்ல? கல்லுல ஓங்குன பொறவு, இது நிச்சயமா நேரா உடையுமான்னு யோசிச்சுட்டு நிப்பீங்களா?"

"அதெப்படி கண்ணு நிக்க முடியும்? ஓங்குனா போட்டுற வேண்டியதுதான். நேரா உடையறதும் கோணையா உடையறதும் ஆத்தா இஷ்டம்."

"அப்ப நல்லா உடையும்னு நீங்க பெருமை பேசுனதா ஆகுமா?"

"ஆகாது."

"இதுவும் அவ்வளவுதானுங்க. விடை போடறது நம்ம வேலை. போட்டு முடிச்சா உடைச்சுற வேண்டியதுதான். நேரா வர்றதும் கோணையா வர்றதும் நம்ம கையில இல்லை."

நான் அமுக்கினேன். முன்வரிசையில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் அமுக்கினார்கள். ஒன்பது தாள் வந்தது. வேண்டியதற்கு ஒன்றுதான் அதிகம். அத்தோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் மெஸ்ஸில் வேலை செய்தாலும் எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மாசாணியம்மனிடம், பாஸ் போடு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எட்டு மட்டும் கொடுத்துவிடு என்றுதான் கேட்டேன்.

எட்டாவது சனிக்கிழமை லேபுக்கு மேற்பார்வைக்கு வேறு துறையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சொல்லிக்கொடுத்தவர் உள்ளே இருக்கக் கூடாது என்று அன்புச்செல்வியை வெளியே அனுப்பிவிட்டார். அவளும் திருமூர்த்தி சாரும் வராந்தாவில் நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள்.

பரீட்சை தொடங்கியது. கேள்விகள் கஷ்டமாக இல்லை. இரண்டுக்கு மட்டும் விடை தெரியவில்லை, விட்டுவிட்டேன். பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது சப்மிட்டை அமுக்கினேன். பெட்டி வந்தது. ஆனால் அது நாங்கள் பழகிய பெட்டி இல்லை. நிறம் சிவப்பு. இரண்டு கேள்விக்கு விடை இல்லையே, அப்படியும் உறுதியாகவா என்று கேட்டது.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோர் திரையிலும் ஒரு பெட்டி நின்றது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் ஒன்பது என்றது, எட்டு என்றது. கண்ணை மூடினேன்.

"மாசாணியம்மா!"

மனதுக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டு வந்துவிட்டது. விரலும் கூடவே இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் திரையில் தேங்க் யூ என்று நின்றது.

"யாரது? சைலன்ஸ்!" என்றார் மேடம்.

மூலையிலிருந்து ஒரு குரல். "பிஸ்மில்லாஹ்." டக்.

"முருகா!" டக்.

"ஏசப்பா!" டக்.

"அண்ணமாரே!" டக்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏம்மா, இது எக்ஸாம் ஹாலா, கோயிலா?" அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பேசிக்கொள்ளவில்லை, விடை சொல்லிக்கொள்ளவில்லை. அவரவர் சாமியைக் கூப்பிட்டோம், அவ்வளவுதான். அதை எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே நடந்ததைத் திருமூர்த்தி சார்தான் பிறகு சொன்னார். முதல் சாமி பேர் கேட்டதும் அன்புச்செல்வி திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாளாம். இரண்டாவது கேட்டதும் விரலை மடக்கினாளாம். மூன்று, நாலு, ஐந்து என்று மடக்கிக்கொண்டே போய், எட்டாவதுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"என்னம்மா ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

"எட்டு ஆயிருச்சுங்க சார்."

"எது எட்டு? ரிசல்ட் வர இன்னும் நேரம் இருக்கே."

"வந்துட்டே இருக்குதுங்க சார். காது குடுத்துக் கேளுங்க."

அவர் காதைக் கதவில் வைத்த நேரத்தில்தான் உள்ளே ஐயாசாமியண்ணன் காவல்காரக் குரலில் "கருப்பராயா!" என்று ஒரு முழக்கம் போட்டார். சார் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

பதினாறில் பதினாலு தாள் போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கு நேரம் முடிந்துவிட்டது. தோட்ட வேலை மௌனிகா மட்டும் கடைசி நொடியில் மரியாதை பார்த்து நோ போட்டுவிட்டாள். வெளியே வந்ததும் அன்புச்செல்வி எங்கள் எல்லோர் கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குக் குலுக்கத் தெரியாது. கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன்.

பாஸ் பட்டியல் அடுத்த வாரம் வந்தது. பதினொரு பேர். ரசாக் பாய் பாஸ், ஐயாசாமியண்ணன் பாஸ். நான் மூன்று மார்க்கில் ஃபெயில். எனக்கு வருத்தம் வரும் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரசாக் பாய்தான் பெருமூச்சு விட்டார்.

"நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. மறுபடி வகுப்புக்கு வரலாம். பாஸாப் போன நாங்க சனிக்கிழமை மத்தியானம் எங்க போறது? வீட்டுல பாத்திரம் தேய்க்கச் சொல்லுவாங்க."

"அதுக்கு நீங்களும் என்னையாட்ட ரெண்டு கேள்வியை விட்டிருக்கோணும் பாய். எல்லாத்துக்கும் பேராசைப்பட்டா இப்படித்தான்."

வகுப்பு நிற்கவில்லை. ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை, லேப் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கணினிப் பயிற்சி, சனி இரண்டு மணி, ஆசிரியர் திருமதி அன்புச்செல்வி. அவள் வந்து அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் உள்ளே போனாள். இரண்டு நிமிடம் கழித்து, மறந்துபோன எதையோ எடுக்க வருவதுபோல வெளியே வந்து மறுபடி பார்த்தாள்.

புதிதாக முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள், கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம் எங்கிருந்தெல்லாமோ. பழைய ஆட்களில் நானும் மௌனிகாவும் இருந்தோம். பாஸாகிப்போன ரசாக் பாயும் எந்தக் காரணமும் சொல்லாமல் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாற்காலி போதவில்லை. நான் போய் மெஸ்ஸிலிருந்து நாலு ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்தேன்.